"டபிள்யூபிசி லைசென்ஸ்"னு ஒன்றரை லட்சம் கேக்குறாங்க, குடுக்கலாமா?

கேள்வி: சார், தேனி மாவட்டத்துல கேபிள் டிவி நடத்துறேன். மலையடிவாரத்துல நாலஞ்சு ஊருக்கு பைபர் இழுக்க வழியில்ல. மொட்டைமாடில கம்பம் நட்டு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வச்சு வீடுகளுக்கு நெட் குடுக்கலாம்னு இருக்கேன். ஒருத்தர் "டபிள்யூபிசி லைசென்ஸ் எடுத்துத் தர்றேன், ஒன்றரை லட்சம்"ங்கறார். இன்னொருத்தர் "அது ப்ரீ பேண்டு, ஒரு பேப்பரும் வேணாம்"ங்கறார். யாரை நம்புறது? ரெண்டு ரேடியோ ஏற்கனவே வாங்கிட்டேன்.

பதில்: ரெண்டு பேரையும் நம்பாதீங்க தம்பி. டபிள்யூபிசிங்கறது மத்திய தொலைத்தொடர்புத் துறையில (டாட்) அலைவரிசையைப் பாத்துக்குற பிரிவு. ஒன்றரை லட்சம் கேக்குறவர்கிட்ட மொதல்ல போனை வைங்க, மத்ததை அப்புறம் பேசுவோம்.

5 கிகாஹெர்ட்ஸ்ல வைஃபை ரேடியோ ஓடுற 5150லேருந்து 5350 வரைக்கும், அப்புறம் 5470லேருந்து 5875 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், 2018 அக்டோபர்ல மத்திய அரசு அறிவிப்பு போட்டு லைசென்ஸ் தேவையில்லன்னு விட்டாச்சு. 2.4 கிகாஹெர்ட்ஸ் 2005லயே விட்டாச்சு. அந்த அலைவரிசைக்குன்னு உங்க பேர்ல எடுக்குற லைசென்ஸ் எதுவும் கெடையாது. அந்த ஆளு குடுக்கப் போறது என்னன்னா இடிஏன்னு ஒரு சர்டிபிகேட்டோட ஜெராக்ஸ். அது ரேடியோ மாடலுக்குக் குடுக்குற ஒப்புதல், அதை இம்போர்ட் பண்ற கம்பெனியோ தயாரிக்கிற கம்பெனியோ எடுத்து வச்சிருக்கிறது, டீலர்கிட்ட கேட்டா சும்மா அனுப்புவாங்க. அதுக்கு மேல ஒரு சீல் குத்தி ஒன்றரை லட்சம் வாங்குறானுங்க, இதுக்குன்னே ஒரு கூட்டம் திரியுது, கேட்டா "டெல்லில ஆள் இருக்கு"ம்பானுங்க.

இப்ப ரெண்டாவது ஆளு. ப்ரீ பேண்டுங்கறது சரி. ஆனா ப்ரீயா விட்டது அலைவரிசையை மட்டும்தான், நெட் விக்கிறதை இல்ல. ரோடு எல்லாருக்கும் பொதுதான், அதுக்காக டிக்கெட் போட்டு ஆள் ஏத்தணும்னா பர்மிட் வேணாமா? மாசம் இவ்வளவுன்னு வாங்கிட்டு வீட்டுக்கு நெட் குடுக்கிறீங்கன்னா உங்களுக்கு ஐஎஸ்பி, அதாவது நெட் சேவை நடத்துற கம்பெனிக்கான லைசென்ஸ் இருக்கணும், இல்லன்னா லைசென்ஸ் உள்ள ஐஎஸ்பிக்கு நீங்க பிரான்சைஸியா இருக்கணும், பில்லு அவங்க பேர்ல போகணும், கஸ்டமரோட கேஒய்சி, யார் எப்ப லாகின் பண்ணாங்கங்கற ரெக்கார்டு எல்லாம் அவங்க சிஸ்டத்துல இருக்கணும். 2023 தொலைத்தொடர்பு சட்டத்துல 42வது பிரிவு படிச்சுப் பாருங்க, அனுமதி இல்லாம சேவை நடத்தினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 2 கோடி வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்த்தும் போடலாம்.

பிரான்சைஸிங்கற பேர்லயும் ஏமாத்து உண்டு. ஸ்டாம்ப் பேப்பர்ல அக்ரிமென்ட் போட்டு "எங்க லைசென்ஸ் உங்களுக்கும் செல்லும்"னு ஒருத்தர் வருவார், அவரே இன்னொரு ஐஎஸ்பிக்கு சப் ஏஜென்டா இருப்பார். லைசென்ஸ் நம்பரும் அதுல எழுதியிருக்குற ஏரியாவும் கேளுங்க. சி கேட்டகிரின்னா சின்ன ஏரியாவுக்குத்தான் செல்லும், கோயம்புத்தூர் பக்கம் வாங்கின சி லைசென்ஸ் தேனிக்கு உதவாது. டாட் வெப்சைட்ல லைசென்ஸ் வாங்கினவங்க லிஸ்ட் இருக்கு. தேடி எடுக்கறதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும், ஒரு பிடிஎஃப் தொறந்தா இன்னொண்ணு தொறக்காது, தமிழ்ல ஒரு வரி கெடையாது, ஆனாலும் பாத்துருங்க.

உடனே "பிஎம்-வாணில லைசென்ஸே வேணாமாமே"ன்னு கேப்பீங்க, எல்லாரும் கேக்குறாங்க. ஆமா, 2020 டிசம்பர்ல மத்திய அமைச்சரவை ஓகே பண்ண பொது வைஃபை திட்டம் அது. டீக்கடைக்காரரோ மளிகைக்கடைக்காரரோ பிடிஓவா, அதாவது பொது வைஃபை கடையா சேர்ந்து ஹாட்ஸ்பாட் வைக்கலாம், லைசென்ஸ் இல்ல, டாட்ல பதிவு இல்ல, பீஸ் இல்ல. ஆனா அவர் தனியா நடத்த முடியாது, மேல பல பிடிஓக்களைச் சேர்த்து நடத்துற பிடிஓஏன்னு ஒரு கம்பெனி இருக்கணும், அவங்க டாட்ல பதிவு பண்ணியிருப்பாங்க. வர்ற ஆளு போன்ல ஆப்பைத் தொறந்து அது மூலமா நுழைஞ்சு, பேக் வாங்கி யூஸ் பண்ணணும். அதாவது ஊர் சாவடி, பஸ் ஸ்டாண்டு, கடைத்தெரு, அதுக்குன்னு வச்சது. மாடில டிஷ் வச்சு வீடு வீடா கனெக்ஷன் குடுத்துட்டு "நாங்க பிடிஓ"ன்னு சொன்னா எடுபடாது. இன்னொண்ணு, பிடிஓவுக்கு சாதாரண பைபர் லைன் தராம லீஸ்டு லைன் (தனிப்பட்ட வாடகை லைன்) எடு, லட்சக்கணக்குல கட்டுன்னு கம்பெனிங்க ஆட்டம் காட்டினதுல அஞ்சு வருஷம் வீணாப்போச்சு. 2025 ஜூன்ல தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஆர்டர் போட்டாங்க, 200 எம்பிபிஎஸ் வரைக்கும் உள்ள வீட்டு பிளானை பிடிஓவுக்குக் குடுக்கும்போது வீட்டு ரேட்டுக்கு ரெண்டு மடங்குக்கு மேல வாங்கக் கூடாதுன்னு. இதைச் சொல்ல அஞ்சு வருஷமா! உங்க ஊர் சாவடிக்கு ஒண்ணு வைங்க, நல்ல விஷயம், வீட்டு கனெக்ஷனுக்கு மட்டும் இதை சாக்கா வைக்காதீங்க.

சரி, ரேடியோ. பெட்டியைப் பிரிச்சு கம்ப்யூட்டர்ல மாட்டி செட்டிங் பக்கத்தைத் தொறங்க. கன்ட்ரின்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல இந்தியா இருக்கணும். இன்ஸ்டால் பண்ண வர்ற பசங்க அதை "கம்ப்ளையன்ஸ் டெஸ்ட்"னு மாத்தி வச்சிட்டுப் போவாங்க, எல்லா சேனலும் தொறந்துக்கும், பவரும் ஏறும். பக்கத்துலயே ஆன்டெனா கெயின்னு ஒரு கட்டம், ஆன்டெனா சிக்னலை எவ்வளவு கூர்மையாக்குதுங்கற அளவு, டிபிஐல சொல்வாங்க; 24 டிபிஐ டிஷ்ஷை மாட்டிட்டு அதுல பூஜ்யம்னு போட்டுருவாங்க. இது சுத்தப் பொய். 2.4ல விதி என்னன்னா, ரேடியோவிலேருந்து 1 வாட், ஆன்டெனாவோட சேர்த்து 4 வாட், பவரை அளக்குற டிபிஎம் கணக்குல 36. 24 டிபிஐ டிஷ்னா ரேடியோவுல 12 டிபிஎம் தான் வைக்கணும், 16 மில்லிவாட் கூட இல்ல. அங்க 30 டிபிஎம் வச்சா சட்டம் சொன்னதைப் போல அறுபது மடங்குக்கு மேல வீசுது. 5ல துண்டுக்குத் துண்டு அளவு மாறும், நடுவுல இருக்குற 5250-5350ம் 5470-5725ம் கம்மி, அங்க டிஎஃப்எஸ் ஆன்ல இருக்கணும், ரேடார் சிக்னல் கேட்டா ரேடியோ தானா வேற சேனலுக்குப் போயிரும். அடிக்கடி லிங்க் கட்டாகுதுன்னு அதை ஆஃப் பண்றதுக்குத்தான் அந்த கம்ப்ளையன்ஸ் டெஸ்ட் வேலையே. புவேர்ட்டோ ரிக்கோல சான் யுவான் ஏர்போர்ட் பக்கத்துல விமானத்துக்கு காத்து பாக்குற ரேடார் 5600-5650ல ஓடுது, அதுல போய் இடிச்சதுக்கு 2020ல மூணு வயர்லெஸ் நெட் கம்பெனிக்கு தலைக்கு 25,000 டாலர் அபராதம் போடப் போறோம்னு அமெரிக்க தொலைத்தொடர்பு ஆணையமான எப்சிசி நோட்டீஸ் விட்டுச்சு. எல்லாம் பெரிய கம்பெனி இல்ல, நம்மள மாதிரி ஆளுங்கதான்.

ப்ரீ பேண்டுல உங்களுக்குப் பாதுகாப்பும் கெடையாது. எதிர் மாடிக்காரன் அதே சேனல்ல வந்து உக்காந்தா டாட்ல போய் அழ முடியாது, உங்களால லைசென்ஸ் வாங்கினவங்களுக்கு இடைஞ்சல்னா நீங்கதான் அணைக்கணும். ஸ்பெக்ட்ரம் ஸ்கேன் பண்ணிட்டு சின்ன சேனலா எடுங்க, 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேணாம், 20 போதும்.

நீங்க வாங்கின ரெண்டு ரேடியோவுல அடில ஒட்டியிருக்குற மாடல் நம்பரை எழுதி டீலருக்கு அனுப்பி இடிஏ காப்பி கேளுங்க. அதுல உள்ள மாடலும் ஒட்டியிருக்குறதும் ஒரு எழுத்து மாறாம இருக்கணும். "துபாய் பீஸ் சார், அதே ஐட்டம்தான்"னு சொன்னா அன்னிக்கே திருப்பிக் குடுத்துருங்க, காசு வரலன்னா கம்பத்துல மட்டும் ஏத்தாதீங்க.