மகள் படங்களை வெட்டி ஒட்டிக்கொண்டே இருக்கிறாள், டிசைன் படிக்க அனுப்பலாமா?

உங்கள் கடிதத்தின் சாரம் இதுதான்: மகள் எந்நேரமும் கணினியில் உட்கார்ந்து புகைப்படங்களை வெட்டி ஒட்டுகிறாள். கோட்டு போட்ட ஆளின் கழுத்துக்கு மேல் தலைக்குப் பதிலாகத் தொலைபேசி, பின்னணியில் ரோஸ் நிறப் புள்ளிகள். பாப் ஆர்ட் (விளம்பரம், காமிக்ஸ் போன்ற வெகுஜனப் படங்களிலிருந்து பிறந்த பாணி), சர்ரியலிசம் (கனவுபோல் விசித்திரமான காட்சிகளைக் காட்டும் பாணி) என்கிறாள். இது திறமையா, பொழுதுபோக்கா? இதை நம்பிப் படிக்க வைக்கலாமா?

படங்களை வெட்டி ஒட்டி உருவாக்கும் இந்தக் கலைக்குக் கொலாஜ் என்று பெயர். கொலாஜ் கலைஞர் என்ற பெயரில் மாதச் சம்பள வேலை அநேகமாகக் கிடையாது. ஆனால் ஒரு கொலாஜை ஒழுங்காகச் செய்து முடிக்கத் தேவைப்படும் கைவேலை பல துறைகளில் விலைபோகிறது. புத்தக அட்டை, பத்திரிகைக் கட்டுரைக்கான படம், போஸ்டர், விளம்பரப் புகைப்பட ரீடச்சிங் (படத்தைத் திருத்தி மெருகேற்றுவது), மோஷன் கிராபிக்ஸ் (அசையும் வரைகலை), திரைப்பட விஎஃப்எக்ஸில் காம்போசிட்டிங் (பல காட்சித் துண்டுகளை ஒன்றாக இணைப்பது), மேட் பெயின்டிங் (பின்னணிக் காட்சியை வரைந்து சேர்ப்பது) எல்லாவற்றிலும் வெவ்வேறு இடத்தில் எடுத்த படங்களை ஒரே படமாக நம்ப வைப்பதுதான் அடிப்படை. ஆகவே மகளுக்கு ரசனை இருக்கிறதா என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஒரு வேலையை முழுதாக முடிக்கும் பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு ஒரு வழி சொல்கிறேன்: மூன்று வாரம் கொடுத்து, ஏ3 அளவில், அச்சுக்குப் போகும் தரத்தில் ஒரே ஒரு கொலாஜ் செய்யச் சொல்லுங்கள். முடிந்ததும் படத்தை மட்டும் பார்க்காமல் துண்டுகள் தனித்தனி அடுக்குகளாக (லேயர்களாக) இருக்கும் அதன் லேயர் கோப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எதைப் பார்க்க வேண்டும் என்பது கீழே வருகிறது. இனி எழுதுவது மகளுக்கு. நீங்களும் கூடவே படியுங்கள்.

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு வாக்கியம் எழுது. படத்தில் எது மாறியிருக்கிறது? அளவா, இடமா, பொருளின் தன்மையா? மூன்றில் ஒன்றை மட்டும் மாற்று. சர்ரியலிச ஓவியர் ரெனே மக்ரித் 1952-ல் வரைந்த 'பர்சனல் வேல்யூஸ்' ஓவியத்தில் சீப்பும் ஒயின் கோப்பையும் சோப்பும் அறையின் மரச்சாமான்கள் அளவுக்கு வளர்ந்து நிற்கின்றன. ஆனால் அறையின் கோணமும் வெளிச்சமும் பிசகவில்லை. அந்த ஒழுங்கு இருப்பதால்தான் அளவு மாறியது உறுத்துகிறது. தொடக்கநிலை மாணவர்கள் எல்லாவற்றையும் ஒரே படத்தில் மாற்றுவார்கள். பறக்கும் திமிங்கலம், உருகும் கடிகாரம், கண்ணுள்ள நிலா மூன்றும் சேர்ந்தால் எதுவும் விசித்திரமாகத் தெரியாது.

அடுத்தது படங்களைத் திரட்டுவது. மொத்த நேரத்தில் பாதி இதற்கே போகும், போகட்டும். சர்ரியலிசக் கலைஞர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் தன் கொலாஜ்களில் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மரச்செதுக்கு அச்சுப் படங்களையே வெட்டினார். எல்லாமே ஒரே வகைக் கோடுகளால் ஆனவை என்பதால் ஒட்டு எங்கே என்று கண்டுபிடிப்பது கடினம். நீயும் அப்படி ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடு: எல்லாம் பழைய கறுப்பு வெள்ளை, அல்லது எல்லாம் ஸ்டுடியோ ஒளியில் எடுத்த வண்ணப்படம். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, கேமரா எந்த உயரத்தில் இருந்தது என்ற இரண்டையும் ஒவ்வொரு படத்துக்கும் குறித்துக்கொள். வெளிச்சம் இடவலமாக மாறியிருந்தால் படத்தைக் கண்ணாடி போல் திருப்பிவிடலாம், எழுத்து ஏதும் இல்லாதவரை. மேலிருந்து எடுத்த நாற்காலியில் கண்மட்டத்தில் எடுத்த ஆளை நம்பும்படி உட்கார வைப்பது மிகக் கடினம்.

உரிமை விஷயத்தில் அசட்டை கூடாது. 'நிறைய மாற்றிவிட்டேன், இனி இது என்னுடையது' என்பது பரவலான தவறான நம்பிக்கை. 1981-ல் புகைப்படக்காரர் லின் கோல்ட்ஸ்மித் எடுத்த பாடகர் பிரின்ஸின் புகைப்படத்தை வைத்து, புகழ்பெற்ற பாப் ஆர்ட் கலைஞர் ஆண்டி வார்ஹோல் படங்கள் செய்தார். அவற்றில் ஒன்றை 2016-ல் வார்ஹோல் அறக்கட்டளை ஒரு பத்திரிகைக்கு உரிமம் கொடுத்தது. அந்த வழக்கில் 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் புகைப்படக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். ஆனால் வார்ஹோலுக்கே இந்த நிலை என்றால் மாணவி கூகுளில் எடுத்த படத்தை வைத்துத் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சொந்தமாக எடுத்த படம்தான் முதல் தேர்வு. அடுத்தது, பொதுவுடைமையான படைப்புகளின் படங்களைத் தடையின்றித் தரும் அருங்காட்சியகங்கள்: நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் 2017 முதலும் ஸ்மித்சோனியன் 2020 முதலும் சிசி0 முறையில் (எந்த உரிமையும் கோராமல்) தருகின்றன. படைப்பாளி முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் 'என்டி' (மாற்றக் கூடாது) என்றிருந்தால் அதை வெட்டி ஒட்டிய படத்தை வெளியிட முடியாது. 'என்சி' (வணிகத்துக்கு அல்ல) என்றிருந்தால் விற்க முடியாது. கோப்பின் பெயர், எங்கிருந்து எடுத்தது, என்ன உரிமம், எந்தத் தேதி என்று நான்கு கட்டங்களில் ஒரு பட்டியல் வைத்துக்கொள். வேலை கொடுப்பவர் பிற்பாடு கேட்கும் முதல் காகிதங்களில் இது ஒன்று.

இப்போது அளவு. ஏ3 என்பது 297 × 420 மி.மீ.; 300 பிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) 3508 × 4961 பிக்சல். அச்சகம் நான்கு பக்கமும் 3 மி.மீ. பிளீட் (அச்சான பின் வெட்டி எறியும் கூடுதல் ஓரம்) கேட்டால் 3579 × 5031 என்று கேன்வாஸைத் தொடக்கத்திலேயே வை. கடைசியில் நீட்டினால் ஓரத்தில் வெள்ளைக் கோடு வரும். 600 பிக்சல் அகலமுள்ள படம் இந்தத் தாளில் 5 செ.மீ.க்கு மேல் தாங்காது. 12 செ.மீ. முகம் வேண்டுமென்றால் குறைந்தது 1420 பிக்சல் தேவை. ஆனால் பாப் ஆர்ட் இங்கே கைகொடுக்கும்: பெரிய புள்ளிகளாக மாற்றப்போகிற பகுதிக்குச் சிறிய படமே போதும், ஏனென்றால் நுணுக்கத்தைப் புள்ளிகளே தின்றுவிடுகின்றன. தெளிவான படங்களை சர்ரியல் பகுதிக்கும், மங்கலானவற்றைப் புள்ளிப் பகுதிக்கும் ஒதுக்கு.

படத்திருத்த மென்பொருளான ஃபோட்டோஷாப் இல்லாவிட்டால் பரவாயில்லை. கிம்ப், கிரிட்டா, உலாவியிலேயே ஓடும் ஃபோட்டோபீ மூன்றிலும் லேயரும், அதன் ஒரு பகுதியை அழிக்காமல் மறைக்கும் மாஸ்க்கும் உண்டு.

வெட்டும்போது அழிப்பானைத் தொடாதே. எப்போதும் லேயர் மாஸ்க்தான். அழித்தது போனதுதான், மாஸ்க்கில் மறைத்ததை மறுநாள் மீட்கலாம். கெட்டியான ஓரமுள்ள பொருளுக்குப் புள்ளிகளை இணைத்துப் பாதை வரையும் பென் டூல் எடு, புள்ளிகளைக் குறைவாக வை, பாதையை ஓரத்திலிருந்து ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே கொண்டுபோ. பழைய பின்னணியின் நிறம் ஒளிவட்டம் போல் ஒட்டிக்கொண்டு வருவது, பாதை வெளியே போவதால்தான். ஓரத்துக்கு அரை பிக்சல் ஃபெதர் (ஓரத்தை மென்மையாக்குவது) போதும். 3 பிக்சல் கொடுத்தால் பொருள் பஞ்சுபோல் மிதக்கும். தலைமுடியோடு மல்லுக்கட்டுவது பலருக்கும் வாரக்கணக்கில் இழுக்கும். பாப் பாணியில் அது தேவையே இல்லை: கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் கூர்மையான கோணங்களில் வெட்டி, சுற்றிலும் 15 முதல் 20 பிக்சல் வெள்ளை விளிம்பு விடு. வெட்டு தெரிய வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால் அது பிழையாகாது. அரைகுறையாகத் தெரிவதுதான் பிழை. அளவை மாற்றும் முன் ஒவ்வொரு துண்டையும், மூலப் படத்தை அப்படியே உள்ளே வைத்திருக்கும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிவிடு. சிறிதாக்கிப் பெரிதாக்கினால் சாதாரண லேயரில் பிக்சல்கள் போய்விடும்.

பெரும்பாலான மாணவர் கொலாஜ்கள் நிழலில்தான் தோற்கின்றன. மென்பொருள் தானாகத் தரும் டிராப் ஷேடோ நிழல் ஒன்றைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பொருள் தாளிலிருந்து எழும்பி நிற்கும், தரையில் நிற்காது. தரையில் நிற்கும் பொருளுக்கு இரண்டு நிழல் வேண்டும். பாதம் தொடும் இடத்தில் ஒடுங்கிய, அடர்த்தியான தொடுநிழல்: ஏ3 அளவில் 5 பிக்சல் பிளர் (மங்கலாக்கம்), 60 சதவீத ஒப்பாசிட்டி (ஒளிபுகாமை). அதிலிருந்து வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் நீளும் மெல்லிய நிழல்: 40 முதல் 60 பிக்சல் பிளர், 25 சதவீதம். இரண்டும் அடியில் உள்ளதைக் கருமையாக்கும் மல்டிப்ளை முறையில், தனித்தனி லேயரில். நிறம் கறுப்பு வேண்டாம். தரையின் நிறத்தையே எடுத்து அடர்த்தியாக்கு. இந்த எண்களைத் தொடக்கமாக வைத்துக் கண்ணால் திருத்திக்கொள்.

பாப் ஆர்ட் பகுதிக்கு வருவோம். நான்கு நிறங்களுக்கு மேல் போகாதே. முகத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட் கூட்டி, சாயல்களைக் குறைக்கும் போஸ்டரைஸில் 4 நிலை கொடு. பிறகு ஒவ்வொரு சாயலுக்கும் ஒரு நிறம் தரும் கிரேடியன்ட் மேப்பில் உன் நிறங்களைப் போடு. வார்ஹோலின் பட்டுத்திரை அச்சில் நிறமும் கோடும் சரியாகப் பொருந்தாமல் விலகி நிற்கும். அந்த உணர்வு வேண்டுமென்றால் நிற லேயரை மட்டும் 8 முதல் 12 பிக்சல் நகர்த்தினால் போதும். புள்ளிகளுக்கு ஃபோட்டோஷாப்பில் கலர் ஹாஃப்டோன் இருக்கிறது, கிம்ப்பில் நியூஸ்பிரின்ட். ஒரே நிறப் புள்ளி வேண்டுமென்றால் கலர் ஹாஃப்டோனின் நான்கு கோணங்களையும் 45 என்று வை. இல்லாவிட்டால் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கலங்கும். புள்ளியை எப்போதும் இறுதி அளவில், கடைசியாகச் செய். புள்ளியிட்ட பிறகு படத்தைச் சிறிதாக்கினால் படத்தில் இல்லாத கோலங்கள் அலை அலையாகத் தோன்றும், அதுதான் மொய்ரே. 33 சதவீத ஜூமில் பார்த்தாலும் அது தெரியும், எனவே 100-இல் வைத்துப் பார்த்த பிறகு பயப்படு. இணையத்துக்கான பிரதிக்குப் படத்தை முதலில் சிறிதாக்கி, புள்ளியை மறுபடி இட்டு, பிஎன்ஜியாகச் சேமி. ஜேபெக் புள்ளிகளின் ஓரத்தை அழுக்காக்கும்.

சீரான தோற்றத்துக்கு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயரில் 2 அல்லது 3 சதவீத நாய்ஸ் (பொடிப்பொடியான புள்ளிகள்) போடு. வெவ்வேறு கேமராக்களின் பொடிப்புள்ளித் தன்மை (கிரெயின்) ஒன்றுபோல் தெரியும். அச்சுக்கு அனுப்பும் முன் அச்சகத்தின் சிஎம்ஒய்கே (நான்கு மை) புரொஃபைலில் சாஃப்ட் புரூஃப் பார், அதாவது தாளில் நிறம் எப்படி வரும் என்று திரையிலேயே பார். திரையில் கத்தும் ரோஸும் மின்நீலமும் தாளில் சோர்ந்துபோகும், இது உன் தவறல்ல, அந்த நிறங்கள் நான்கு மைகளுக்கு எட்டாதவை. எட்டும் நிறத்துக்கு மாற்றுவது மட்டும் உன் வேலை.

இனி பெற்றோருக்கு. கோப்பைத் திறந்ததும் லேயர்களுக்குப் பெயர் இருக்கிறதா பாருங்கள். 'லேயர் 47 காப்பி 3' என்றிருந்தால் குழுவில் வேலை செய்ய இன்னும் பழக வேண்டும். 200 சதவீத ஜூமில் ஓரங்களைப் பாருங்கள். 'இந்தத் தொலைபேசியைச் சற்று இடப்பக்கம் நகர்த்து' என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் நிழலோடு சேர்ந்து நகர்ந்தால் நல்லது. பின்னணியில் ஓட்டை விழுந்தால் கோப்பு தவறாகக் கட்டப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளர் கேட்கும் திருத்தமும் இதே மாதிரிதான் இருக்கும். உரிமப் பட்டியலையும் கேளுங்கள். மூன்று வாரத்தில் முடியவில்லை என்பதைவிட, முடிக்காமலே நாலு புதிய கொலாஜ் தொடங்கியிருக்கிறாள் என்றால்தான் யோசிக்க வேண்டும்.

ஏஐ எல்லாவற்றையும் செய்துவிடுமே என்று கேட்டிருந்தீர்கள். பொருளின் பின்னணியை நீக்கிக் கொடுக்கும் எளிய வேலைகள் ஏற்கெனவே தானியங்கியாகி வருகின்றன. அதை மட்டும் நம்பிப் படிக்க வைக்காதீர்கள். எதை எதோடு சேர்ப்பது, எங்கே நிறுத்துவது என்ற தீர்மானமும், திருத்தம் தாங்கும் கோப்பும் இன்னும் ஆளைத்தான் கேட்கின்றன. போர்ட்ஃபோலியோவில் (படைப்புகளின் தொகுப்பில்) ஏஐ பயன்படுத்திய இடத்தை மகள் வெளிப்படையாகக் குறிப்பிடட்டும்.

சோதனை நன்றாகப் போனால் பாதை இரண்டாகப் பிரியும். வாக்கியம் எழுதுவதிலும் படம் தேடுவதிலும் அவளுக்கு அதிக ஆர்வம் இருந்தால் கிராஃபிக் டிசைன், இலஸ்ட்ரேஷன் பக்கம் போகலாம். அங்கே ஃப்ரீலான்ஸ் வருமானம் ஏறி இறங்கும், அதற்குக் குடும்பம் தயாராக இருக்க வேண்டும். நிழலிலும் ஓரத்திலும் மணிக்கணக்கில் உட்கார முடிகிறதென்றால் காம்போசிட்டிங், ரீடச்சிங் பொருந்தும்; நிறுவனச் சம்பள வேலை அந்தப் பக்கம்தான் அதிகம். துண்டுகளைத் தனித்தனி லேயரில் வைத்திருப்பவள் அதே கொலாஜை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவூட்ட மென்பொருளில் பத்து விநாடி அசைய வைத்துப் பார்க்கட்டும், மோஷன் கிராபிக்ஸ் பிடிக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் விண்ணப்பத்தோடு 10 முதல் 15 படைப்புகள் தயாராக இருக்கட்டும். எல்லாம் கொலாஜாக இருக்கக் கூடாது. கையால் வரைந்தவையும் எழுத்துருவை வைத்துச் செய்தவையும் வேண்டும். ஒரு கொலாஜுக்காவது முதல் துண்டுத்தாள் வரைவிலிருந்து கடைசி வரை நான்கைந்து கட்டங்களைக் காட்டும் பக்கமும் வேண்டும். தேர்வுக் குழுவினர் நேர்காணலில் அதிகம் கேள்வி கேட்பது அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான்.