லேப்ராஸ்கோபி நடக்கும்போது இதயத்தை எப்படிக் கவனிப்பார்கள்?

அப்பாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்புக்காக வைக்கும் சின்னக் குழாய்) இருக்கிறது, பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபி (வயிற்றில் சின்ன ஓட்டைகள் போட்டு, கேமரா வழியாகப் பார்த்துச் செய்யும் ஆபரேஷன்) செய்யச் சொல்கிறார்கள், நடுவில் இதயத்துக்கு ஏதாவது ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷன் முழுக்க இதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை.

சின்ன ஓட்டைதானே என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இதயத்துக்குச் சுமை ஓட்டையால் வருவதில்லை, வயிற்றை உப்பவைத்து இடம் உண்டாக்க உள்ளே ஏற்றும் கரியமில வாயுவால் வருகிறது. வழக்கமாக 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தம். அது வயிற்று ரத்தக்குழாய்களை அமுக்குவதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, இதயம் அதிக எதிர்ப்பைத் தாண்டி பம்ப் செய்ய வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, பித்தப்பைக்காக டேபிளைத் தலைப்பக்கம் உயர்த்துவோம். ரத்தம் காலில் தேங்கும்.

கேஸ் ஏற்றும் முதல் சில நிமிடங்களில் மானிட்டரை விட்டு நான் கண்ணை எடுப்பதில்லை. வயிற்றின் உள்சவ்வு சட்டென்று விரிந்தால், 80-ல் இருந்த நாடித்துடிப்பு நொடிகளில் 40-க்கு இறங்கலாம். "சார், கேஸை நிறுத்துங்க" என்று சொன்னதும் சர்ஜன் ஏற்றிய வாயுவை வெளியே விட்டுவிடுவார். பெரும்பாலும் அதிலேயே துடிப்பு ஏறிவிடும், இல்லாவிட்டால் துடிப்பை ஏற்றும் அட்ரோபின் மருந்தைப் போடுவோம். அப்புறம் மெதுவாக, குறைந்த அழுத்தத்தில் மறுபடி ஏற்றுவோம்.

ஈசிஜியில் இரண்டு லீட் (இதயத்தின் மின்துடிப்பை வெவ்வேறு கோணத்தில் காட்டும் கோடுகள்) ஓடும்: துடிப்பின் ஒழுங்குக்கு லீட் 2, இதயத் தசைக்கு ரத்தம் குறைகிறதா என்று பார்க்க வி5. பிரஷர் பட்டை சில நிமிடத்துக்கு ஒருமுறைதான் அளக்கும். இதயம் பலவீனமானவர்களுக்கு அது போதாது. மணிக்கட்டு ரத்தக்குழாயில் சின்ன ஊசிக்குழாய் போட்டு ஒவ்வொரு துடிப்புக்கும் பிரஷர் பார்ப்போம். பம்பிங் மிகக் குறைவாக இருந்தால், வசதியுள்ள இடங்களில் உணவுக்குழாய் வழியாக எக்கோ கருவியை இறக்கி, இதயச் சுவர் அசைவதை நேரடியாகப் பார்ப்பதும் உண்டு.

என்னைக் கேட்டால், இதயத்தைப் பற்றி அதிகம் பேசுவது மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவின் அளவு. அதை 35-40 மி.மீ. பாதரச அளவில் வைத்திருப்போம். உள்ளே ஏற்றிய வாயு ரத்தத்தில் கலப்பதால் அது மெல்ல ஏறும். வென்டிலேட்டரைக் கூட்டிச் சரிசெய்யலாம். ஆனால் திடீரென்று விழுந்து, கூடவே பிரஷரும் விழுந்தால், நுரையீரலுக்கு ரத்தம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். இதயம் சோர்ந்திருக்கலாம், அபூர்வமாக வாயுவே ரத்தக்குழாயில் புகுந்திருக்கலாம். அந்த நேரத்திலும் ஈசிஜி பார்க்க நன்றாகவே இருக்கக்கூடும்! உடனே கேஸை வெளியேற்றுவோம். தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து செய்யும் முறைக்கு மாறுவார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஸ்டென்ட் வைத்த தேதி, டிஸ்சார்ஜ் சம்மரி, சமீபத்திய எக்கோ ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை என்றால், தள்ளிப்போட முடியுமா என்று இதய டாக்டரிடம் கேளுங்கள்.

ஆபரேஷன் முடிந்தபின் தோள்பட்டை வலித்தால் அது பெரும்பாலும் மீதமிருக்கும் வாயுவால். ஓரிரு நாளில் போய்விடும். நெஞ்சு அழுத்தமோ வியர்வையோ சேர்ந்து வந்தால் மட்டும் கேஸ் வலி என்று விட்டுவிடாமல் உடனே நர்ஸைக் கூப்பிட்டு ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.