மோரிஸ் டிராவலரின் மரச்சட்டம்: பட்டி போதுமா, தேக்கு வேண்டுமா?

லண்டன் வாசகர் ஒருவரின் கேள்வி: “1967-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் டிராவலர் ஒன்றை வாங்கியிருக்கிறேன். பல வருடம் கொட்டகையில் நின்ற வண்டி. பின்பாதி மரம் கறுத்துவிட்டது. பின்சக்கரத்துக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்குகிறது. எபாக்சி பட்டி வைத்து வார்னிஷ் அடித்தால் போதுமா? மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நம் தேக்கிலேயே செய்துகொள்ளலாமா?”

பட்டி போதாது, தேக்கும் வேண்டாம்.

டிராவலர் என்பது மோரிஸ் மைனர் காரின் நீண்ட பின்பாதி கொண்ட வடிவம். 1953-இல் வெளிவந்து 1971 வரை தயாரான அதில் முழு எஃகு என்பது முன்பாதி மட்டும்தான். முன்கதவுக்குப் பின்னால் கூரையையும், பக்கத்து ஜன்னல்களையும், பின்கதவுகள் இரண்டையும் தாங்கி நிற்பது ஆஷ் என்ற ஐரோப்பிய மரத்தாலான சட்டம். நடுவில் தெரியும் அலுமினியத் தகடுகள் வெறும் அடைப்பு. மினி டிராவலர் என்ற இன்னொரு காரிலும் இதேபோல் மரம் தெரியும். ஆனால் அது எஃகு உடலின் மேல் ஒட்டிய அலங்காரம். அங்கே மரம் இத்துப்போனால் அழகு போகும், உங்கள் வண்டியிலோ பலமே போய்விடும். பிரிட்டனில் வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. தகுதிச் சோதனையில் இந்த மரத்தையும் வண்டியின் உடற்சட்டமாகவே பார்ப்பது அதனால்தான். 40 வயது தாண்டிய, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத வண்டிகளுக்கு 2018 மே முதல் அந்தச் சோதனை கட்டாயமில்லை. ஆனாலும் வண்டியைச் சாலைக்குத் தகுதியாக வைத்திருக்கும் சட்டப் பொறுப்பு உங்களுடையதுதான். வேலை முடிந்ததும் ஒருமுறை நீங்களாகவே சோதனைக்குக் கொண்டுபோங்கள். பின்னால் உட்காரப்போவது உங்கள் பிள்ளைகள்.

தேக்கு ஆசை எனக்குப் புரிகிறது. அழுகலைத் தாங்கும் திறனுக்கு ஐரோப்பாவில் ஐந்து படிகள் வைத்திருக்கிறார்கள். பர்மாத் தேக்கு முதல் படியில் நிற்கிறது, ஆஷ் கடைசிப் படியில். இருந்தும் ஆஷைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதிர்ச்சியை வாங்கி, வளைந்துகொடுத்து, முறியாமல் திரும்பும் மரம் அது. சுத்தியல் பிடிக்கும் அதைத்தான் போடுகிறார்கள். ஓடும் வண்டியில் இந்தச் சட்டம் ஓயாமல் முறுக்குப்படும். தேக்கு அவ்வளவு வளைந்துகொடுக்காது, அதன் எண்ணெய்ப் பசையால் மூட்டுகளில் கோந்தும் எளிதில் பிடிக்காது. ஆகவே ஆஷையே போடுங்கள். நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் ஆயுள்.

நீர் எங்கே தேங்குகிறது என்பதை இப்போதே பார்த்துவிடலாம். பக்கத்து நகரும் கண்ணாடியை எடுத்துவிட்டு அது ஓடும் கீழ்ப்பள்ளத்தைப் பாருங்கள். மண்ணும் பாசியும் அடைத்துக்கொண்டிருக்கும். சில வண்டிகளில் பச்சையாகவே முளைத்திருக்கும். வெளியேற வழியில்லாத மழைநீர் அங்கிருந்து கீழே உள்ள இடைச்சட்டத்துக்குள் இறங்குகிறது. பிறகு சக்கர வளைவை ஒட்டிய மரம், பின்மூலையில் தூண் கீழ்ச்சட்டத்தோடு சேரும் மூட்டு, பின்கதவுகளின் அடிக்கட்டை. மெல்லிய ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் துண்டை மாற்றியே ஆக வேண்டும். இறங்காமல் கறுப்பாக மட்டும் இருந்தால் அது கறைதான்; ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் பெரும்பாலும் வெளுத்துவிடும். அது விஷம், கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். உங்கள் வண்டியில் விரலே அமுங்குகிறது என்பதால் அந்தப் பக்கத்துக்குக் கறை நீக்கும் பேச்சே இல்லை.

பட்டி கூடாது என்பதற்கும் காரணம் ஈரம்தான். மேலே கெட்டியாக மூடிவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாது. பளபளப்பான மேல்தோலுக்குள் அழுகல் அப்படியே பக்கத்து மரத்துக்குப் பரவும்.

இனி வேலையின் வரிசை. பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். எதையும் கழற்றுவதற்கு முன் கதவு இடைவெளிகளையும் பின்வாசலின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து எழுதிவையுங்கள். கூரைக்கு முட்டுக்கொடுத்து மரத்தை எடுங்கள். இத்துப்போன துண்டானாலும் தூக்கிப்போடாதீர்கள், வண்டி முடியும்வரை அதுதான் உங்கள் அச்சு. அடுத்தது இரும்பு வேலை: கதவுக்குக் கீழுள்ள பக்கவாட்டுப் பெட்டிகள், பின் ஸ்ப்ரிங் பிடிக்கும் இடங்கள், சக்கர வளைவுகள். புது மரம் ஏறிய பிறகு பக்கத்தில் வெல்டிங் வைத்தால் மரம் கருகும். இரும்பு தொய்ந்திருந்தால் எவ்வளவு நல்ல சட்டமும் பொருந்தாது.

சட்டத்தை நீங்களே செதுக்க வேண்டியதில்லை. இந்த வண்டிக்கென்றே ஆஷ் சட்டங்களைத் தயாரித்து விற்பவர்கள் பிரிட்டனில் இருக்கிறார்கள். வந்ததும் கோந்து போட அவசரப்படாதீர்கள். முதலில் வெறுமனே பூட்டி, பின்கதவுகளை மாட்டி, இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்கிறதா என்று பழைய அளவோடு ஒப்பிடுங்கள். சரியென்றால் கழற்றி, ஒளிந்திருக்கும் முகங்களுக்கெல்லாம் பூச்சு கொடுங்கள். வெட்டு முனைகள்தான் அதிகம் குடிக்கும், அங்கே இரண்டு மூன்று தடவை பூசுங்கள். கோந்து பிடிக்கும் பரப்பில் மட்டும் பூச்சு படக்கூடாது. பிறகு நீர் புகாத கோந்தும் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளும் வைத்து நிரந்தரமாகப் பூட்டுங்கள்.

மேற்பூச்சுக்குத் தடித்த பளபள வார்னிஷ் என் தேர்வு அல்ல. மூட்டு அசையும்போது அந்தப் படலம் வெடிக்கும், வெடிப்பு வழியாக நுழைந்த நீர் அடியிலேயே தங்கிவிடும். ஈரத்தை வெளியே விடும் நுண்துளைப் பூச்சை மெல்லிய அடுக்குகளாகக் கொடுங்கள். குளிர்காலம் தொடங்கும் முன் மூட்டுகளைப் பார்த்து, வெளிறிய இடத்தை லேசாகத் தேய்த்து மறுபடி பூசுங்கள். கண்ணாடிப் பள்ளத்தை மட்டும் மாதம் ஒருமுறை பழைய டூத்பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். வண்டியை பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடி வைக்காதீர்கள். காற்றோட்டமுள்ள கராஜில் மூடாமல் நிற்கட்டும்.