வாசகர் கேள்வி–பதில்: நீராவிக் கப்பல் காலத்தில் பசிபிக் தீவுகளுக்குப் போன தபால்

தாத்தாவின் ஆல்பத்தில் 'டின் கேன் மெயில்' என்று பல நிற முத்திரைகள் குத்திய உறை கிடைத்தது. தபாலை டின்னில் அடைத்துக் கடலில் எறிவார்களாமே, நிஜமா?
– வாசகர், ராயபுரம்

நிஜம்தான். டோங்கா நாட்டின் வடகோடியில் உள்ள நியுவாஃபோஊ என்ற எரிமலைத் தீவின் தபால் அது. தீவின் நடுவே ஏரி. சுற்றிலும் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. துறைமுகம் கிடையாது. கரையை விட்டதுமே கடல் சரேலென்று ஆழமாகிவிடும், நங்கூரம் பிடிக்காது. அங்கே தோட்ட மேலாளராக இருந்த வில்லியம் டிராவர்ஸ், தன் தபாலை பிஸ்கட் டின்னில் அடைத்து எறியச் சொல்லி 1882-ல் ஏற்பாடு செய்தார்.

கப்பல் தீவுக்கு வெளியே இயந்திரத்தை நிறுத்தி ஊதும். கப்பல் தச்சர் கடிதங்களை டின்னில் அடுக்கி, மூடியைச் சுற்றி ஈயம் வைத்துப் பற்றவைப்பார். பற்றில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் போதும். உப்புநீர் புகுந்து மை கரையும், தபால்தலை உரியும். எடையையும் பார்க்க வேண்டும். 18 லிட்டர் டின் ஒன்று, தன் எடையும் சேர்த்து, கடல்நீரில் 18 கிலோவுக்குச் சற்று மேல்தான் தாங்கும். தளர்வாக அடுக்கிய கடிதங்கள் நன்றாக மிதக்கும். புத்தகக் கட்டுகளைத் திணித்தால் டின் விளிம்புவரை அமிழ்ந்து, அலைக்கு நடுவே கண்ணில் படாது.

நீச்சல்காரர்கள் லேசான மரக்கழியை அணைத்துக்கொண்டு நீந்திப் போய் டின்னைக் கரை சேர்ப்பார்கள். தீவிலிருந்து போகும் கடிதங்களை எண்ணெய்த்தாளில் சுற்றி, குச்சி நுனியில் கட்டி, நீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி கப்பலுக்கு நீந்துவார்கள். 1931-ல் ஒரு நீச்சல்காரரைச் சுறா கொன்றது. அதன்பிறகு தோணிதான். உங்கள் ராயபுரம் கரையும் இதற்குச் சளைத்ததல்ல. துறைமுகம் வருவதற்கு முன், கட்டுமரக்காரர்கள் கடிதங்களைத் தலையில் கவிழ்த்த கூம்புத் தொப்பிக்குள் வைத்து, அலை தாண்டிக் கப்பலுக்கும் கரைக்கும் கொண்டுபோனார்கள்.

இனி உங்கள் உறை. அந்தப் பல நிற ரப்பர் முத்திரைகள் வால்டர் ஜார்ஜ் குவென்செல் என்ற வணிகர் 1930-களில் குத்தியவை. தபால் துறையின் முத்திரை அல்ல. டோங்கா தபால்தலையும் தேதி முத்திரையும் இருக்கின்றனவா பாருங்கள். தேதி 1931-க்குப் பிந்தையது என்றால் 'நீந்திக் கொண்டுவந்த கடிதம்' என்ற பேச்சை நம்பி விலை பேசாதீர்கள். 1946-ல் எரிமலை வெடித்துத் தீவையே காலி செய்தார்கள். மக்கள் திரும்பியது 1958-ல். இடைப்பட்ட ஆண்டுகளின் தேதி இருந்தால் கட்டாயம் சந்தேகப்படுங்கள்.

1905 வாக்கில் கொள்ளுத்தாத்தாவின் தம்பி ஃபிஜி கரும்புத் தோட்டத்துக்குப் போனார். வீட்டிலிருந்து எழுதிய கடிதம் எந்த வழியாகப் போயிருக்கும்?
– வாசகி, பெரம்பூர்

சென்னையிலிருந்து ஃபிஜிக்கு ஒப்பந்தக் கூலிகள் போனது 1903 முதல் 1916 வரை. ஆளேற்றிய கப்பல் நேராகப் போனது. ஆனால் அது எப்போதோ ஒருமுறைதான் புறப்படும், அதை நம்பித் தபால் நடத்த முடியாது. கடிதம் ரயிலில் தூத்துக்குடி, அங்கிருந்து கப்பலில் கொழும்பு (1914 முதல் தனுஷ்கோடி வழி). கொழும்பைத் தொடும் பி அண்டு ஓ அல்லது ஓரியண்ட் கம்பெனிக் கப்பல் அதை ஃப்ரீமேண்டில், அடிலெய்டு, மெல்போர்ன் வழியாக சிட்னி கொண்டுபோகும். சிட்னியில் வேறு கப்பல் மாறி ஃபிஜியின் துறைமுகமான சுவா. தோட்டம் லம்பாசா பக்கம் என்றால் அது வேறு தீவு. சுவாவிலிருந்து இன்னொரு சிறு கப்பல் பிடிக்க வேண்டும்.

தாமதம் பெரும்பாலும் மாறும் இடங்களில்தான். கொழும்புவரை அடிக்கடி கப்பல் உண்டு. சிட்னியில் சுவா கப்பல் முந்தின நாள் புறப்பட்டிருந்தால் அடுத்தது வரும்வரை பை கிடங்கில் கிடக்கும். கட்டி அரக்கு வைத்த பையை இடைவழியில் பிரிக்க மாட்டார்கள். பைகளின் எண்ணிக்கையும் அரக்கும் சரியா என்று மட்டும் பார்ப்பார்கள். ஆகவே ஃபிஜிக் கடிதம் ஒன்று தவறான பைக்குள் விழுந்துவிட்டால், அந்தப் பை போய்ச் சேர்ந்த ஊரில்தான் பிழை தெரியும்.

முகவரியும் காலை வாரும். தமிழில் மட்டும் எழுதினால் சுவாவில் பிரிப்பவருக்குப் படிக்கத் தெரியாது. ஒரே தோட்டத்தில் மூன்று முனுசாமி இருக்கலாம். குடியேற்றச் சீட்டில் கப்பலின் பெயர், வரிசை எண், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் பதிவாகியிருக்கும். அவற்றோடு தோட்டத்தின் பெயரும் எழுதினால்தான் ஆள் அகப்படுவார். அந்தச் சீட்டுகள் ஃபிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கடித உறை ஏதும் மிஞ்சியிருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். வழியிலும் சேர்ந்த இடத்திலும் குத்திய முத்திரைகள் இருந்தால் பயண நாட்களை அவற்றிலிருந்தே கணக்கிடலாம்.

பெரிய கப்பல்கள் தீவுகளை ஒட்டித்தானே போயின? தபாலை இறக்கிவிட்டுப் போவதில் என்ன சிரமம்?
– வாசகர், மயிலாப்பூர்

சிரமம் ஒப்பந்தத்தில் இருந்தது. சான்பிரான்சிஸ்கோ–சிட்னி தபாலை 1875 முதல் 1885 வரை பசிபிக் மெயில் கம்பெனி சுமந்தது. பணம் கொடுத்தவை நியூ சவுத் வேல்ஸ், நியூசிலாந்து அரசுகள். இத்தகைய ஒப்பந்தங்களில் தாமதத்துக்கு அபராதம் உண்டு. ஒரு தீவுக்காகத் திரும்பினால் நிலக்கரி கூடுதல், நேரம் கூடுதல்; இரவில் பவளப்பாறை பயம் வேறு. பத்துப் பதினைந்து கடிதங்களுக்காக எந்த கேப்டன் அதைச் செய்வார்? மானியம் தந்த அரசு எந்தத் துறைமுகத்தைக் கேட்டதோ அங்குதான் கப்பல் நிற்கும்.

ஆகவே தீவுக்காரர்களே எதிர்கொண்டு போனார்கள். சமோவாவின் ஆபியாவிலிருந்து ஒரு பாய்மரப் படகு டுடுயிலா தீவுக்கு வெளியே போய்க் காத்திருந்து, தபால் கப்பலிடம் பையைக் கொடுத்துப் பை வாங்கும். கப்பல் ஒரு நாள் முந்தினால் அந்த முறை தபால் போச்சு. கடல் முரண்டினாலும் அதே கதி. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த பை அந்தக் கடைசி மைலில் தவறியதுதான் நெஞ்சை அறுக்கிறது. பசிபிக் தபாலில் உண்மையான வேலையே அந்த இடத்தில்தான் இருந்தது. பின்னாளில் சாலமன், கில்பர்ட் தீவுகளுக்கு பர்ன்ஸ் ஃபில்ப் கம்பெனி ஆஸ்திரேலிய அரசின் மானியத்தோடு கப்பல் விட்டது. அவை கொப்பரை ஏற்றப் போன கப்பல்கள். சரக்கு இருந்த தீவுக்குத் தபாலும் ஒழுங்காக வந்தது.

பிட்கேர்ன் தீவிலிருந்து 1920-களில் வந்ததாக ஓர் உறை, தபால்தலையே ஒட்டவில்லை. போலியா?
– வாசகர், தாம்பரம்

அதனாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தீவில் அப்போது தபால்தலை விற்பனையே இல்லை. 'தபால்தலை கிடைப்பதில்லை' என்று ஆங்கிலத்தில் முத்திரை குத்தி அனுப்பினார்கள். 1927-ல் நியூசிலாந்து தபால் முகமை திறந்த பின் நியூசிலாந்துத் தலைகள். தீவுக்கென்று சொந்தத் தலைகள் 1940-ல் வந்தன. பனாமா கால்வாய் 1914-ல் திறந்ததால்தான் நியூசிலாந்து செல்லும் கப்பல்கள் அந்த வழியே வந்தன. தீவுக்காரர்கள் நீண்ட படகுகளில் துடுப்புப் போட்டு வந்து, கப்பலோடு அணைந்து பையை வாங்கிக்கொள்வார்கள்.

சிட்னியிலிருந்து ஆபியா போன இரண்டு கடிதங்களில் ஒன்று மட்டும் ஒரு நாள் சீக்கிரம் போனதுபோல முத்திரைகள் காட்டுகின்றன. ஏன்?
– வாசகி, அடையாறு

இரண்டும் எந்த ஆண்டு என்று பாருங்கள். பசிபிக்கின் நடுவே ஓடும் தேதிக்கோட்டின் இரு பக்கங்களுக்கும் நாள்காட்டியில் ஒரு நாள் வித்தியாசம். சமோவா 1892 ஜூலையில் அதன் அமெரிக்கப் பக்கத்துக்கு மாறியது. அந்த ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி அங்கே இரண்டு முறை வந்தது. அதற்குப் பிந்தைய கடிதம் என்றால், முத்திரைகள் காட்டும் நாட்களோடு ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆபியாவிலிருந்து சிட்னி வந்ததற்கு ஒரு நாளைக் கழிக்க வேண்டும்.