உள்ளங்கால் யோங்சுவான் புள்ளி: நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

உள்ளங்கால்ல இருக்குற யோங்சுவான்ங்கற அக்குபஞ்சர் புள்ளியப் பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு போன வாரம் சொன்னேன், குவிஞ்சிருச்சு. ஒரே மாதிரி வந்ததெல்லாம் சேத்துட்டேன். நான் 12 வருஷமா அக்குபஞ்சர் பண்றவ, அலோபதி டாக்டர் இல்ல, அத ஞாபகத்துல வெச்சுக்கிட்டு படிங்க.

கேள்வி: அக்கா, புள்ளி கரெக்டா எங்க இருக்கு? வீடியோல ஆளுக்கொரு எடம் காட்டுறாங்க.

பதில்: கால் விரல உள்பக்கமா மடக்குங்க, முன்பாதத்துக்குப் பக்கத்துல ஒரு குழி விழும் பாருங்க, அதான். இன்னும் கரெக்டா வேணும்னா ரெண்டாவது மூணாவது விரல் இடுக்குல இருந்து குதிகால் வரைக்கும் கோடு போட்டு மூணா பிரிங்க, விரல் பக்கத்து மொத பங்கு முடியுற எடம். சீன மருத்துவத்துல உடம்புக்குள்ள சக்தி ஓடுற பாதைன்னு சிலத சொல்வாங்க, அதுல ஒண்ணு சிறுநீரகப் பாதை. அதுல இருக்குற 27 புள்ளில இதான் மொதல், அதனால கிட்னிக்கு கே போட்டு கே 1. பேருக்கு பொங்குற ஊத்துன்னு அர்த்தம்.

கேள்வி: மேடம், அப்பாவுக்கு ரத்த டெஸ்ட்ல கிரியாட்டினின், அதான் கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற அளவு, கூடிக்கிட்டே போகுது. சிறுநீரகப் புள்ளிதானே, தினமும் அழுத்தினா குறையுமா?

பதில்: குறையாதுப்பா. இந்தக் கேள்விதான் நெறைய வந்திருக்கு, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். சீனாக்காரங்க ஷென்னு சொல்றத நாம சிறுநீரகம்னு மொழிபெயர்த்துட்டோம், குழப்பமே அங்கதான். அவங்க கணக்குல ஷென்னா வளர்ச்சி, எலும்பு, காது, தலைமுடி, பிள்ளைப்பேறு, இடுப்பு முட்டி பலம்னு ஒரு பெரிய குடும்பமே அதுக்குள்ள இருக்கு. ஸ்கேன்ல தெரியுற உறுப்பும் லேப் ரிப்போர்ட்டும் வேற சமாச்சாரம். கே 1 அழுத்தினா கல்லு கரையும், டயாலிசிஸ் வேணாம்னு எவனாச்சும் சொன்னா எந்திரிச்சு வந்துருங்க. அப்பாவ நெப்ராலஜிஸ்ட் கிட்ட, அதான் கிட்னி டாக்டர் கிட்ட, விடாம காட்டுங்க.

கேள்வி: ராத்திரி படுத்தா தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, தூக்கமே இல்ல.

பதில்: இதுக்கு ட்ரை பண்ணலாம். மேல ஏறினத கீழ எறக்குற புள்ளின்னுதான் இதப் பாக்குறாங்க, உடம்புலயே அடியில இருக்குற புள்ளி இல்லையா. சீனாவுல படுக்கறதுக்கு முன்னாடி சுடுதண்ணில கால் வெக்கற பழக்கம் ரொம்ப சகஜம். கணுக்கால் முங்குற அளவு தண்ணி, ஒரு கால் மணி நேரம், தொடச்சிட்டு உள்ளங்கையால அந்தக் குழிய சூடு வர்ற வரைக்கும் தேயுங்க. சில பேருக்கு நல்லாவே கேக்குது, சில பேருக்கு ஒண்ணுமே இல்ல. செல்போன் தலகாணிக்கு அடியில இருந்தா கே 1 என்ன பண்ணும் பாவம்.

கேள்வி: ஊசி போட்டா வலிக்குமா?

பதில்: வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். படிக்கறப்ப வாத்தியார் என் கால்லயே போட்டுக் காட்டினார், அம்மான்னு கத்தி அவர் கையத் தட்டி விட்டுட்டேன். அந்தக் காலத்துல மயங்கி விழுந்தவங்கள எழுப்ப இதுல குத்தினாங்கன்னா ஏன்னு அப்பதான் புரிஞ்சுது. இப்ப யாராவது மயங்கினா படுக்க வெச்சு 108க்கு போன் பண்ணுங்க, ஊசி தேடாதீங்க. நான் பெரும்பாலும் கையாலதான் அழுத்துறேன்.

கேள்வி: எனக்கு சுகர், பாதம் மரத்துப் போகுது. மாக்ஸா சூடு வெக்கலாமா?

பதில்: வேணவே வேணாம். மாக்ஸாங்கறது நம்ம மாசிபத்திரி ஜாதி செடியக் காயவெச்சு உருட்டி, கொளுத்திக் காட்டுற சூடு. உணர்ச்சி இல்லாத கால்ல வெந்தாலும் தெரியாது, அப்பறம் புண்ணு ஆறாது.

கேள்வி: தங்கச்சிக்கு 8வது மாசம், கொழந்த தலை மேல இருக்காம். கால்ல சூடு காட்டினா திரும்பும்னு சொல்றாங்களே?

பதில்: அது வேற புள்ளி, சுண்டுவிரல் நகத்தோட வெளி ஓரத்துல இருக்குற ஜியின், சிறுநீர்ப்பைப் பாதையோட 67வது, கடைசி. சீனாவுல ஜியாங்சி மாகாணத்துல தலைச்சன் கர்ப்பிணிங்க 260 பேர வெச்சு பண்ணின ஆய்வு 1998ல ஜாமாங்கற அமெரிக்க மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு. 35வது வாரத்துல பாத்தா சூடு காட்டின 130 பேர்ல 98 கொழந்த தலை கீழ வந்திருந்துச்சு, காட்டாத 130ல 62. கவனிங்க, சும்மா இருந்தவங்களுக்கும் பாதி திரும்பியிருக்கு. பாக்குற டாக்டரம்மா சரின்னா மட்டும், தெரிஞ்சவங்கள வெச்சு பண்ணுங்க, வீட்டுல ஊதுவத்திய வெச்சு வெளையாடாதீங்க.

கேள்வி: ரிஃப்ளெக்சாலஜி சார்ட்ல இருக்கறதும் இதுதானா?

பதில்: இல்ல. ரிஃப்ளெக்சாலஜிங்கறது பாதத்துல ஒவ்வொரு எடமும் ஒவ்வொரு உறுப்புக்குன்னு வெச்சு அழுத்துற முறை, அது போன நூற்றாண்டுல அமெரிக்கால வளந்தது. எடம் ஒட்டி வருது, அவ்ளோதான்.

கேள்வி: வாய்ப்புண்ணுக்கு உள்ளங்கால்ல மருந்து தடவுவாங்களாமே, நெஜமா?

பதில்: நெஜம்தான், லீ ஷிசென்ங்கற சீன வைத்தியர் எழுதி 1596ல அச்சான பென்சாவ் காங்முங்கற மருந்து நூல்ல இருக்கு. வூ சூ யூங்கற காயப் பொடிச்சு வினிகர்ல கொழச்சு ரெண்டு உள்ளங்கால்லயும் ஒட்டணும். நான் ஒரு தடவ பண்ணிப் பாத்தேன், புண்ணு ஆறினது அதனாலயா தானாவான்னு தெரியல, பெட்ஷீட் மட்டும் ரெண்டு தொவப்புக்கு அப்பறமும் வினிகர் நாத்தம் அடிச்சுது.