நின்ற உயரத்தில் எடுத்தால் வயல் காணாமல் போகும்

அன்புள்ள சார்,

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். அண்ணன் வைத்திருந்த கேனான் 1500டி கேமராவை அதோடு வந்த 18-55 எம்எம் கிட் லென்ஸோடு எனக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு இதுதான் முதல் கேமரா. எங்கள் வயலில் சம்பா நடவு நடந்தபோது எடுத்த மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். வானம் வெளிறிப் போயிருக்கிறது, நடுகிறவர்கள் புள்ளி புள்ளியாகத் தெரிகிறார்கள். போனில் எடுத்ததே இதைவிட நன்றாக இருக்கிறது என்கிறார்கள் வீட்டில். 50 எம்எம் லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார். வாங்கலாமா? கோடியக்கரைக்குப் போய்ப் பறவைகளை எடுக்கவும் ஆசை. இந்த லென்ஸ் போதுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இப்போதைக்கு எந்த லென்ஸும் வாங்காதீர்கள். 50 எம்எம் நல்ல லென்ஸ்தான், விலையும் குறைவு, ஆனால் உங்கள் கேமராவின் சென்சார், அதாவது ஒளியைப் பிடித்துப் படமாக்கும் சில்லு, சிறியது என்பதால் அதில் அது 80 எம்எம் போலத்தான் வேலை செய்யும். முகங்களை எடுக்க அருமையாக இருக்கும், வீட்டுக்குள் நாலு பேரைச் சேர்த்து எடுக்கப் பின்னால் போக இடம் இருக்காது. அது பிறகு. உங்கள் மூன்று படங்களிலும் லென்ஸ்மேல் குறையே இல்லை. மூன்றையும் வரப்பில் நின்றபடி, கண் உயரத்திலிருந்து, எல்லாம் வர வேண்டும் என்று 18-இல் வைத்து எடுத்திருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான்.

நம் ஊர் தட்டையான மண். மலை இல்லை, மேடு இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்கு எதிரே ஒரு நேர்க்கோடு. அந்தக் கோட்டை என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் டெல்டாவில் படம் எடுக்கிறவருக்கு முதல் கேள்வி. நின்ற உயரத்தில் எடுத்தால் குனிந்து நடுகிறவர்கள் எல்லாரும் அந்தக் கோட்டுக்குக் கீழே, சேற்றோடும் நாற்றோடும் கலந்து போய்விடுவார்கள். வரப்பில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் கண் அவர்கள் முதுகுக்குக் கீழே வந்துவிடும், அவர்களின் முதுகும் தலையும் கோட்டைத் தாண்டி வானத்தில் எழும்பும். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பிரிந்து தெரிவார்கள். 1500டி-யின் திரை மடங்காது, அதனால் உட்கார்ந்துதான் ஆக வேண்டும், உடையில் சேறு படும், பரவாயில்லை.

ஆனால் வானம் வெளிறியிருக்கும் நேரத்தில் இப்படி எடுத்தால் படத்தில் பாதி வெறும் வெள்ளையாகிவிடும் இல்லையா, அப்போது இதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். பம்புசெட் கொட்டகை மாடி, வாய்க்கால் மதகு, டிராக்டர் டிரைலர், எதன் மேலாவது ஏறிக் கேமராவைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். வானத்துக்குப் படத்தின் மேல் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டை போதும், அதுகூட இல்லாவிட்டாலும் சரி. பரம்படித்த வயலில் நிற்கிற தண்ணீர், வரப்புகள் வளைந்து போகிற விதம், கட்டுக் கட்டாக வீசிப் போட்ட நாற்று முடிகள், எல்லாம் அப்போதுதான் தெரியவரும். ஒன்று இறங்குங்கள், இல்லாவிட்டால் ஏறுங்கள். நடுவில் நிற்காதீர்கள்.

இன்னொன்று, இதை நீங்கள் என்னைவிட நன்றாகவே அறிந்திருப்பீர்கள். நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். ஆகவே அவர்கள் வந்து சேரப் போகிற வரப்பில் நீங்கள் நின்றால் கிடைப்பது முதுகு மட்டும். உங்கள் இரண்டாவது படம் அப்படித்தான் ஆகியிருக்கிறது. நடவு தொடங்கிய வரப்புக்குப் போய்க் கொஞ்சம் பக்கவாட்டில் உட்காருங்கள். புதிதாக நட்ட வரிசைகள் உங்களிடமிருந்து புறப்பட்டு அவர்கள் கைகளில் போய் முடியும், குனிந்த முகங்களும் தெரியும். ஒரு வயலின் எந்தக் கரையில் உட்கார வேண்டும் என்பதை வேலை நடக்கிற திசைதான் சொல்லும், எந்தக் காம்போசிஷன் பாடமும் சொல்லாது. எடுப்பதற்கு முன்பு "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள், எடுத்த பிறகு காட்டுங்கள். உங்கள் வீட்டு வயல்தான், இருந்தாலும் முகம் அவர்களுடையது.

அதே படத்தின் இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு பிளாஸ்டிக் குடம் இருக்கிறது. எடுக்கும்போது அது உங்கள் கண்ணில் பட்டிருக்காது. இந்தக் கேமராவின் வியூஃபைண்டரில், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கிற துளையில், தெரிவது ஏறக்குறைய 95 சதவீதம்தான், மீதி ஓரம் சொல்லாமல் உள்ளே வந்துவிடும். எனவே எடுத்தவுடன் படத்தின் நான்கு ஓரங்களையும் திரையில் பாருங்கள், நடுவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

போன் படம் நன்றாக இருக்கிறது என்று வீட்டில் சொல்வது தப்பில்லை. போன் பல படங்களை எடுத்துச் சேர்த்து, வானத்தை அடக்கி, நிழலைத் தூக்கிவிட்டுத்தான் உங்களிடம் காட்டுகிறது. உங்களுடையது போன்ற டிஎஸ்எல்ஆர் கேமரா அதையெல்லாம் பெரும்பாலும் உங்கள் கையில் விட்டுவிடுகிறது. ஆட்டோவை விட்டு ஏவி மோடுக்கு வாருங்கள், அதில் லென்ஸ் திறப்பை நீங்கள் வைப்பீர்கள், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். திறப்பை எஃப் 8-இல் வைத்துக்கொள்ளுங்கள், ஷட்டர் வேகம் 1/250 நொடியைவிட மெதுவானால் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளிக்கான உணர்திறனை, ஏற்றுங்கள், இல்லாவிட்டால் நடுகிற கை கலங்கிவிடும். 1600 வரை தயங்க வேண்டாம். ஃபோகஸுக்கு நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வையுங்கள். ராவ் ஃபைல் (கேமரா மெருகேற்றாத மூலப் படம்), எடிட்டிங் எல்லாம் மெதுவாகக் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு நாள் தஞ்சாவூர் போய்வாருங்கள். லினேயஸ் ட்ரைப் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி 1858-இல் பெரிய கோயிலைப் படம் எடுத்தார். விமானத்தின் அடியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை மட்டும் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். பெரிய கேமரா, ஒவ்வொரு படமும் நீண்ட வேலை. எங்கே நிற்பது என்று முடிவு செய்யாமல் அவரால் எதையும் தொடங்கியிருக்க முடியாது. நீங்களும் முதல் சுற்றில் கேமராவைத் தூக்காமல் நடந்து பாருங்கள். கோயில் கிழக்கு பார்த்தது, காலையில் வெயில் முகப்பில் விழும், மாலையில் விமானம் கறுத்த உருவமாகிவிடும். கிட்டே நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் விமானம் பின்னால் சாய்வதுபோல் வரும். கேரளாந்தகன் வாயில் வரை பின்னால் போய், வாயிலுக்குள் விமானம் அடங்குகிற இடத்தைத் தேடுங்கள். அந்த இடத்தை உங்கள் கால்தான் கண்டுபிடிக்க வேண்டும், ஜூம் வளையம் அல்ல.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கேமராவைப் பைக்குள் போட்டு அலமாரியில் பூட்டிவைக்காதீர்கள். ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை வந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

கோடியக்கரைக்கு 55 எம்எம் போதாது. வலசைப் பறவைகள் தூரத்தில் நிற்கும், நெருங்கினால் பறந்துவிடும், அவற்றை விரட்டிப் படம் எடுப்பது சரியில்லை. இந்தக் குளிர்காலத்தில் பறவைகளைப் பைனாகுலரில் பாருங்கள். உங்கள் லென்ஸுக்கு வேலை வேதாரண்யம் உப்பளங்களில் இருக்கிறது, அது பருவம் தொடங்கிய பிறகு. அங்கும் இதே நேர்க்கோடுதான், பாத்திகளும் வரப்புகளும்தான். உப்புக் குவியலைக் கேமரா சாம்பலாக்கிவிடும், வெள்ளை எதைக் கண்டாலும் அது அப்படித்தான் செய்யும். படத்தை வெளிச்சமாக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1-இல் வைத்து எடுங்கள், உப்பு உப்பாக வரும். எடுத்தால் அனுப்புங்கள், பார்க்க விரும்புகிறேன்.