அணு உலை, தன்னைக் கட்டச் செலவான ஆற்றலையாவது திருப்பித் தருமா?

கேள்வி: யுரேனியம் தோண்டவும் உலை கட்டவும் ஆகும் ஆற்றலைக்கூட அணு உலை திருப்பித் தருவதில்லை என்கிறார்களே, உண்மையா? அணைகள் நிறைந்த நீலகிரியில் இருப்பவர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்? அங்கேயும் உலை வருமா?

தாராளமாகத் திருப்பித் தருகிறது. அணு மின்சாரத்தில் உதைப்பது ஆற்றல் கணக்கு அல்ல, வட்டிக் கணக்கு.

நான் மஞ்சூர்ப் பக்கம். அப்பா மின்வாரியத்தில் இருந்தவர், நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். வகுப்பில் இதை எங்கள் ஊர்த் தண்ணீரை வைத்துத்தான் சொல்வேன். பைக்காராத் தண்ணீர் சிங்காரா மின்நிலையத்துக்குச் சுமார் 3,000 அடி இறங்குகிறது. 1932-இலிருந்து அங்கே கரண்ட் எடுக்கிறார்கள். மொட்டை மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றின் தண்ணீர் அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால், சேதாரம் போக இரண்டு யூனிட் கிடைக்கும். ஒரு கிராம் யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால் வரும் வெப்பம் சுமார் 23,000 யூனிட். அதில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாக மாறும் என்றாலும் ஏழாயிரத்துச் சொச்சம் யூனிட் தேறும். கிட்டத்தட்ட நான்காயிரம் தொட்டித் தண்ணீர்!

அப்படியானால் "திருப்பித் தராது" என்ற பேச்சு எதை வைத்து வந்தது? ஒரு காரணம், பழைய செறிவூட்டல் முறை, அதாவது யுரேனியத்தில் பிளக்கக்கூடிய 235 வகையின் பங்கை உயர்த்தும் முறை. வாயு ஊடுருவல் முறையில் ஆயிரம் மெகாவாட் உலைக்கு ஓராண்டு எரிபொருள் தயாரிக்க, அந்த உலை தரும் மின்சாரத்தில் 4 சதவிகிதம் அளவுக்குப் போய்விடும். இப்போது மைய விலக்கு எந்திரங்கள் அதே வேலையை ஐம்பதில் ஒரு பங்கு மின்சாரத்தில் முடிக்கின்றன. அமெரிக்காவின் படூகா ஆலையை 2013-இல் மூடியதோடு பழைய முறை ஓய்ந்தது, அதை வைத்துப் போட்ட கணக்கு மட்டும் இன்னும் சுற்றுகிறது. இன்னொரு காரணத்தில் நியாயம் உண்டு. தாது மட்டமாக இருந்தால் தோண்டுகிற செலவு ஏறும், ஜார்க்கண்டில் உள்ள நம் ஜாதுகுடா சுரங்கத் தாதுவில் யுரேனியம் 0.1 சதவிகிதம்கூடக் கிடையாது. அதற்காக மொத்தக் கணக்கும் தலைகீழாகிவிடாது. அவ்வளவு ஆற்றல் உள்ளே போயிருந்தால் அதன் தடயம் கரியமில வாயுக் கணக்கிலும் தெரிய வேண்டும். சுரங்கம் முதல் இடிப்பு வரை எல்லாம் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு அணு உலையில் 12 கிராம், நிலக்கரியில் 820 கிராம் கரியமில வாயு என்று ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. 2014-இல் நடுமதிப்பு சொன்னது.

சரி, பணத்துக்கு வருவோம். கூடங்குளம் முதல் இரண்டு உலைகளுக்கு முதலில் போட்ட மதிப்பீடு 13,171 கோடி ரூபாய், பிறகு அது 22,462 கோடியாக ஏறியது. 2002-இல் தொடங்கிய வேலையில் முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014 கடைசி நாளில். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலைக்கு (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உருவாக்கும் உலை) 2004-இல் வேலை ஆரம்பித்து, உலையின் மையப் பகுதியை நிரப்பும் வேலையே 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. ஆயிரம் கோடியை 10 சதவிகிதக் கூட்டு வட்டிக்கு வாங்கினால் நான்கு வருடத்தில் 1,464 கோடி, எட்டு வருடத்தில் 2,144 கோடி. ஒரு யூனிட் கூட விற்காமலே கடன் இரட்டிப்பாகி நிற்கிறது. அணு மின்சாரம் மலிவு, விலை அதிகம் என்று அடித்துச் சொல்கிற இரு தரப்பாரிடமும் எத்தனை வருடம், என்ன வட்டி என்று கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

கடன்தான் செலவு, எரிபொருள் சொற்பம் என்பதால் உலையை ராத்திரி பகலாக முழு வேகத்தில் ஓட்டினால்தான் கட்டுப்படியாகும். ஆனால் மக்களுக்குக் கரண்ட் தேவை சாயங்காலம் ஏழு மணிக்கு. சூரிய மின்சாரமோ அதற்குள் அடங்கிவிடும். மிச்சப்படுவதைச் சேர்த்துவைக்க மலை வேண்டும்: மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கிக் கரண்ட் எடுக்கலாம். ஆனைமலைப் பக்கம் கடம்பாறையில் 400 மெகாவாட்டுக்கு அந்த ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. இங்கே போர்த்திமந்து மேல் அணையாகவும் அவலாஞ்சி-எமரால்டு கீழ் அணையாகவும் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டம் நடக்கிறது. நான்கு யூனிட் செலவழித்து ஏற்றினால் சுமார் மூன்று யூனிட் திரும்பும். இந்த நஷ்டத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். தூர் இன்னொரு நஷ்டம். கேரட், உருளைக்கிழங்கு போடும் சரிவுகளிலிருந்து மழைக்கு இறங்கும் மண் குந்தா அணையில் படிந்து, நீர்மட்டம் இறங்கும்போது சேறு திட்டுத்திட்டாகத் தெரிகிறது. அணை மின்சாரமும் சும்மா வருவதில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

பாதுகாப்பைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை உண்டு. 1950களில் குந்தா திட்டத்துக்குக் கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் உதவியது கனடா. அதே கொழும்புத் திட்டத்தின் கீழ்தான் மும்பை டிராம்பேயில் சைரஸ் ஆய்வு உலையும் வந்தது. குந்தாவில் இன்றும் கரண்ட் வருகிறது. சைரஸில் உருவான, அணுகுண்டுக்கும் உதவும் புளூட்டோனியம் 1974-இல் பொக்ரானில் வெடித்தது, கனடா அணு உதவியை நிறுத்திக்கொண்டது. அமைதிக்கு மட்டுமே பயன்படுத்துவோம் என்ற வாக்குறுதியை மட்டும் நம்ப முடியாத துறை இது. 2019-இல் கூடங்குளத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் (மால்வேர்) புகுந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கணினிகள் தனியாக இருந்ததால் அவற்றைத் தொடவில்லை.

அப்புறம் இழப்பீடு. 2010-இல் வந்த சட்டம் விபத்து நடந்தால் உலை நடத்துபவரின் பொறுப்புக்கு அப்போது வைத்த உச்சவரம்பு 1,500 கோடி ரூபாய். ஃபுகுஷிமாவுக்கு ஆகும் செலவை ஜப்பான் அரசு 2016-இல் 21.5 லட்சம் கோடி யென் என்று மதிப்பிட்டது. இடைவெளியில் இருக்கும் தொகை எந்த யூனிட் விலையிலும் சேராது, விபத்து நடந்தால் மக்கள் தலையில்தான் விழும். கூடங்குளம் உலையை எதிர்த்துப் போராடிய இடிந்தகரை மீனவர்கள் கேட்டதில் இதுவும் ஒன்று. நின்று பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி அது.

என் பக்கம் எதுவென்றால், ஓடுகிற உலைகளை ஓட்டட்டும், மூடுவது வீண். புதிதாகப் போடும் பணத்தில் முதலில் நீரேற்று நிலையங்களை முடிக்கட்டும்.

நீலகிரியில் அணு உலை வரும் என்பது வெறும் வதந்தி. உலையைக் குளிர்விக்கவே ஏராளமான தண்ணீர் வேண்டும் என்பதால்தான் தமிழ்நாட்டில் கடற்கரையாகப் பார்க்கிறார்கள். சிங்காராவில் வர இருந்தது நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகம். முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடம் என்பதால் 2009-இல் அனுமதி கிடைக்கவில்லை, பிறகு தேனிப் பக்கம் பொட்டிபுரத்தைப் பார்த்தார்கள். அதற்கும் அணுக்கழிவுக்கும் சம்பந்தமே இல்லை.